நிதி ஆலோசகர் தகுதிக்கான பகுதிநேரக் கல்வி (ஐக்கிய இராச்சியம்)

ஐக்கிய இராச்சியத்தில் நிதி ஆலோசகர் தகுதிக்கான பகுதிநேரக் கல்வி என்பது, பொதுமக்களுக்கு முதலீடு, ஓய்வூதியம் முதலியவை பற்றி ஆலோசனை கூறும் தொழிலில் ஈடுபட விரும்பும் ஒருவர், வேலை பார்த்துக்கொண்டே படித்து அதற்குரிய தொழில்முறைத் தேர்வுகளில் தேர்ச்சி பெறும் முறையைக் குறிக்கும். மருத்துவம் போன்ற தொழில்களைப் போலன்றி, இத்தொழிலில் நுழைவதற்கு முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பு கட்டாயம் அன்று. வங்கி ஊழியர்கள், காப்பீட்டு நிறுவனப் பணியாளர்கள், ஆலோசனை அலுவலகங்களின் எழுத்தர்கள், வேறு தொழிலிலிருந்து நடுவயதில் மாறி வருவோர் எனப் பலதரப்பட்டோர் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் படித்தே இத்தகுதியைப் பெறுகின்றனர்.

2012 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, சில்லறை முதலீட்டு ஆலோசகர் ஒருவர் குறைந்தது நான்காம் நிலைத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது விதியாகும். நான்காம் நிலை என்பது பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டுக்கு இணையானது. இத்தகுதியை அளிக்கும் படிப்புகளுள் பரவலாக அறியப்பட்டது, சார்ட்டர்டு இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் (சி.ஐ.ஐ.) வழங்கும் 'ஒழுங்குமுறைக்குட்பட்ட நிதித் திட்டமிடல் பட்டயம்' ஆகும். இக்கட்டுரை பெரும்பாலும் அப்பட்டயத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

பிரித்தானியாவில் நிதி ஆலோசகர் என்பவர் நெடுங்காலம் ஒரு விற்பனையாளராகவே இருந்தார். காப்பீட்டு நிறுவனமோ முதலீட்டு நிறுவனமோ அவருக்குத் தரகு கொடுத்தது. வாடிக்கையாளர் அவருக்கு நேரடியாக எதுவும் கொடுக்கவில்லை. எடுத்துக்காட்டாக, ஒருவர் 10,000 பவுண்டு முதலீடு செய்து, அதற்கான தரகு 5 விழுக்காடாக இருந்தால், 500 பவுண்டு ஆலோசகருக்குச் செல்லும். ஆலோசனை இலவசம் என்றே வாடிக்கையாளர் எண்ணுவார். ஆனால் அத்தொகை அவருடைய முதலீட்டிலிருந்தே கட்டணங்களாகப் பின்னர் கழிக்கப்பட்டது. எந்தத் திட்டத்திற்குத் தரகு அதிகமோ அதனையே பரிந்துரைக்கும் தூண்டுதல் இம்முறையின் அமைப்பிலேயே இருந்தது.

இதன் விளைவு 1980களின் இறுதியில் வெளிப்படத் தொடங்கியது. 1988 சூலை மாதத்தில் தனிநபர் ஓய்வூதியத் திட்டங்கள் அறிமுகமாயின. அதுவரை சுரங்கத் தொழிலாளர், ஆசிரியர், செவிலியர் போன்றோர் தம் வேலைவழி ஓய்வூதியத் திட்டங்களில் உறுப்பினராக இருந்தனர். இறுதிச் சம்பளத்தின் அடிப்படையில் உறுதி செய்யப்பட்ட ஓய்வூதியம், முதலாளியின் பங்களிப்பு ஆகிய இரண்டும் அவர்களுக்கு இருந்தன. விற்பனையாளர்களின் பேச்சைக் கேட்டுப் பெருந்தொகையானோர் அவற்றைக் கைவிட்டுத் தனிநபர் திட்டங்களுக்கு மாறினர். உறுதியான ஒன்றை விட்டு, பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்த ஒன்றை அவர்கள் பெற்றுக்கொண்டனர். 1988 முதல் 1994 வரை நிகழ்ந்த இந்தத் தவறான விற்பனைக்காக, பின்னர் நிறுவனங்கள் வழங்க நேர்ந்த இழப்பீடு 1,000 கோடி பவுண்டைத் தாண்டியது. வீட்டுக்கடனுடன் இணைத்து விற்கப்பட்ட எண்டோமெண்ட் காப்பீடுகளும் இதே போன்ற சிக்கலுக்கு உள்ளாயின. கடனை அடைக்கும் அளவுக்கு அவை வளரவில்லை என்பதைப் பல குடும்பங்கள் காலம் கடந்தே அறிந்துகொண்டன.

இவ்விற்பனையாளர்கள் அனைவரும் நேர்மையற்றவர்கள் என்று கொள்ளுதல் சரியன்று. வேலைவழி ஓய்வூதியத்தின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கத் தெரியாதவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஆகவே 1990களில் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. சி.ஐ.ஐ. நடத்திய 'நிதித் திட்டமிடல் சான்றிதழ்' மூன்று தாள்களைக் கொண்டிருந்தது. ஒரு தலைமுறை ஆலோசகர்கள் இதனைத் தேறியே தொழிலுக்கு வந்தனர். எனினும் இதன் தரம் மூன்றாம் நிலை, அதாவது பள்ளி இறுதி நிலை மட்டுமே. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை நெறிப்படுத்துபவருக்கு இது போதாது என்ற கருத்து விரைவில் வலுப்பெற்றது.

சில்லறை வினியோக மறுஆய்வு

அன்றைய கட்டுப்பாட்டு அமைப்பான நிதிச் சேவைகள் ஆணையம் (எப்.எஸ்.ஏ.), 2006 ஆம் ஆண்டில் 'சில்லறை வினியோக மறுஆய்வு' என்னும் பணியைத் தொடங்கியது. 2007 சூனில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிடப்பட்டது. பல ஆண்டு விவாதத்திற்குப் பின் உருவான விதிகள் 2012 திசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றின் முதன்மையான கூறுகள் மூன்று. முதலாவது, புதிய முதலீட்டு ஆலோசனைக்குத் தரகு பெறுவது தடை செய்யப்பட்டது. ஆலோசகர் தம் கட்டணத்தை வாடிக்கையாளருடன் பேசி முடிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, ஆலோசகர் தாம் 'சுதந்திரமானவரா' 'வரையறுக்கப்பட்டவரா' என்பதைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும். மூன்றாவது, நான்காம் நிலைத் தகுதி.

மூன்றாவது விதியே ஆலோசகர்களின் வாழ்க்கையை நேரடியாகப் பாதித்தது. பொதுவாக ஒரு தொழிலில் புதிய தகுதி விதிக்கப்படும்போது, முன்பே அத்தொழிலில் இருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கப்படுவது வழக்கம். இங்கே அவ்வாறு அளிக்கப்படவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தொழில் நடத்தி, ஊரில் நற்பெயர் பெற்றிருந்த ஐம்பத்தைந்து வயது ஆலோசகரும், நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞரும் ஒரே பாடநூலைத் திறக்க வேண்டியதாயிற்று. அனுபவத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்று ஒரு சாராரும், அனுபவம் மட்டும் போதுமாயின் முந்தைய கேடுகள் நேர்ந்திரா என்று மறு சாராரும் வாதிட்டனர். 2011 சூலையில் நாடாளுமன்றத்தின் கருவூலக் குழு, காலக்கெடுவை ஓராண்டு தள்ளிவைக்குமாறு பரிந்துரைத்தது. எப்.எஸ்.ஏ. அதனை ஏற்கவில்லை.

2011 இறுதியில் ஏறத்தாழ 40,000 ஆக இருந்த சில்லறை முதலீட்டு ஆலோசகர்களின் எண்ணிக்கை, 2012 இறுதியில் ஏறத்தாழ 31,000 ஆகக் குறைந்தது. இக்குறைவு முழுவதும் தேர்வினால் ஏற்பட்டது என்று கூற இயலாது. தரகு நின்றுபோனதால் தொழிலை விட்டவர்களும், ஓய்வு வயதை எட்டியவர்களும், ஆலோசனைப் பிரிவை மூடிய வங்கிகளின் ஊழியர்களும் இதில் அடங்குவர். தங்கியவர்களுள் பெரும்பாலோர் கெடுவுக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில், பகலில் வாடிக்கையாளர்களைச் சந்தித்து, இரவில் படித்தே தேறினர்.

2013 ஏப்ரல் 1 அன்று எப்.எஸ்.ஏ. இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆலோசகர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நிதி நடத்தை ஆணையத்திடம் (எப்.சி.ஏ.) சென்றது.

தகுதி வழங்கும் அமைப்புகள்

சி.ஐ.ஐ.யின் தொடக்கம் 1897 ஆம் ஆண்டில் உருவான காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பாகும். 1912 இல் இதற்கு அரச சாசனம் வழங்கப்பட்டது. இதன் பெயரிலுள்ள 'சார்ட்டர்டு' என்னும் சொல் இச்சாசனத்தையே குறிக்கிறது. காப்பீடு, நிதித் திட்டமிடல் ஆகிய துறைகளில் பல நிலைத் தேர்வுகளை இது நடத்துகிறது. இதனைத் தவிர, இலண்டன் வங்கியியல் மற்றும் நிதியியல் கல்வி நிறுவனம் (முன்னர் ஐ.எப்.எஸ். என அறியப்பட்டது) நிதி ஆலோசகர் பட்டயத்தையும், சார்ட்டர்டு பிணையங்கள் மற்றும் முதலீட்டு நிறுவனம் (சி.ஐ.எஸ்.ஐ.) முதலீட்டு ஆலோசனைப் பட்டயத்தையும் வழங்கி வந்துள்ளன. பங்குத் தரகு நிறுவனங்களிலும் செல்வ மேலாண்மை நிறுவனங்களிலும் பணிபுரிவோர் பெரும்பாலும் சி.ஐ.எஸ்.ஐ. வழியையே நாடுவர்.

பாடத்திட்டம்

சி.ஐ.ஐ. பட்டயம் ஆர்.01 முதல் ஆர்.06 வரை ஆறு தாள்களைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. மொத்தம் 100 கிரெடிட் புள்ளிகள். முதல் இரு தாள்களுக்குத் தலா 20, அடுத்த மூன்றுக்குத் தலா 10, இறுதித் தாளுக்கு 30 என அவை பங்கிடப்பட்டன.

ஆர்.01 நிதிச் சேவைகள், ஒழுங்குமுறை, அறநெறி ஆகியவற்றைப் பற்றியது. 2000 ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டம், கட்டுப்பாட்டு அமைப்புகளின் அதிகாரங்கள், பணமோசடித் தடுப்பு, புகார் செய்யும் முறை, நிறுவனம் நொடித்துப்போனால் கிடைக்கும் இழப்பீடு முதலியன இதில் இடம்பெறுகின்றன. 2023 சூலை 31 முதல் நடைமுறைக்கு வந்த 'நுகர்வோர் கடமை' விதிகளும் பின்னர் இதில் சேர்ந்தன. மாணவர்களுள் பலர் இதனை வறண்ட பாடம் என்று கருதுவர். ஆனால் இத்தாளுக்குச் சட்டப்படி ஒரு தனித்தன்மை உண்டு: ஒழுங்குமுறை பற்றிய பகுதியில் தேறிய பின்னரே ஒரு பயிற்சி ஆலோசகர், மேற்பார்வையின் கீழாயினும், வாடிக்கையாளருக்கு ஆலோசனை கூறத் தொடங்கலாம்.

ஆர்.02 முதலீட்டுக் கோட்பாடுகளும் இடர்களும் பற்றியது. பங்குகள், கடன் பத்திரங்கள், பரஸ்பர நிதிகள் ஆகியவற்றோடு திட்ட விலக்கம், ஒட்டுறவு போன்ற புள்ளியியல் கருத்துகளும் இதில் உள்ளன. பள்ளிக் கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு இது கடினமாக அமைகிறது. இதில் வரும் எளிய கணக்குகளுள் ஒன்று உண்மை வருவாய். ஒரு முதலீடு ஆண்டுக்கு 5 விழுக்காடு வளர்கிறது, விலைவாசி 3 விழுக்காடு உயர்கிறது எனில், உண்மை வருவாய் 2 விழுக்காடு என்று உடனே சொல்லத் தோன்றும். 1.05 ஐ 1.03 ஆல் வகுத்து 1 ஐக் கழித்தால் கிடைப்பது 1.94 விழுக்காடு. ஓராண்டில் இவ்வேறுபாடு சிறியது. முப்பது ஆண்டுச் சேமிப்பில் அது சிறியதன்று.

ஆர்.03 தனிநபர் வரிவிதிப்பு. வருமான வரி, மூலதன ஆதாய வரி, மரபுரிமை வரி, தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு ஆகியவை இதன் உள்ளடக்கம். வேலைக்கிடையே படிப்போர் அதிகம் அஞ்சும் தாள்களுள் இது ஒன்று. சட்ட விதியை அறிந்திருப்பது மட்டும் போதாது, அதனை ஒருவருடைய வருமானத்தில் பொருத்திப் பார்க்கவும் வேண்டும் என்பதே காரணம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024–25 வரியாண்டில், ஒருவர் வரியின்றிப் பெறக்கூடிய வருமானம் 12,570 பவுண்டு. வருமானம் 100,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் இச்சலுகை 1 பவுண்டு குறையும். 125,140 பவுண்டில் முற்றிலும் மறையும். இங்கிலாந்தில் 110,000 பவுண்டு சம்பளம் பெறும் ஒருவரின் சலுகை, 5,000 குறைந்து 7,570 ஆகிவிடும். மேலதிகமாக ஈட்டிய 10,000 பவுண்டுக்கு 40 விழுக்காடு வீதம் 4,000 வரி, இழந்த 5,000 பவுண்டுச் சலுகை மீது 2,000 வரி, ஆக 6,000. பட்டியலில் எங்கும் காணப்படாத 60 விழுக்காட்டு வரி இவ்வாறு தோன்றுகிறது. அவர் அந்த 10,000 பவுண்டையும் (வரிச்சலுகை உட்பட) தம் ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தினால், அதே 6,000 பவுண்டு அவருக்கு மிஞ்சும். ஆலோசகரின் கட்டணத்தைப் போல் பல மடங்கு பயனை ஒரு வாடிக்கையாளர் பெறக்கூடிய இடம் இதுபோன்றவையே. இதை அறியாத ஆலோசகரிடம் சென்றவர் தாம் இழந்ததை அறியவும் மாட்டார்.

ஆர்.04 ஓய்வூதியமும் பணி ஓய்வுத் திட்டமிடலும். 2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள புதிய அரச ஓய்வூதியம், வேலைவழித் திட்டங்கள், தனிநபர் திட்டங்கள், பணி ஓய்வுக்குப் பின் பணத்தை எடுக்கும் வழிகள் ஆகியன இதில் அடங்கும். ஆர்.03 இல் பெற்ற வரி அறிவு இங்கே தேவைப்படுவதால், அதனை முடித்த கையோடு இதனை எழுதுவது பயனுள்ளது. ஆர்.05 காப்பீட்டுப் பாதுகாப்பு பற்றியது: இறப்பு, கடும் நோய், வருமான இழப்பு, முதுமைக்காலப் பராமரிப்பு. இது ஒப்பீட்டளவில் எளிதென்று கருதப்படுவதால் சிலர் தன்னம்பிக்கைக்காக இதிலிருந்தே தொடங்குவர்.

இந்த ஐந்து தாள்களும் கணினியில் எழுதப்படும் பல்தேர்வு வினாத்தாள்களாக நடத்தப்பட்டன. ஆர்.01, ஆர்.02 ஆகியவற்றுக்கு 2 மணி நேரத்தில் 100 வினாக்கள், ஆர்.03, ஆர்.05 ஆகியவற்றுக்கு 1 மணி நேரத்தில் 50 வினாக்கள். சில வினாக்களில் சரியான விடைகள் ஒன்றுக்கு மேற்பட்டிருக்கும். அவற்றை முழுமையாகத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மதிப்பெண் கிடைக்கும்.

ஆர்.06 தாள்

ஆர்.06, 'நிதித் திட்டமிடல் நடைமுறை' எனப்படுகிறது. பிற தாள்களிலிருந்து இது முற்றிலும் வேறானது. தேர்வுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே இரண்டு கற்பனைக் குடும்பங்களின் விவரங்கள் மாணவர்களுக்கு வழங்கப்படும். வயது, வருமானம், கடன், சேமிப்பு, பிள்ளைகள், உடல்நலம், அவர்களின் விருப்பங்கள் என எல்லாம் அதில் இருக்கும். வினாக்கள் மட்டும் இரா. தேர்வு 3 மணி நேரம், 150 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்குக் கிடைப்பது 72 வினாடிகள். விடைகளைச் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மறுமணம் செய்துகொண்ட ஐம்பது வயதுத் தம்பதியர், முதல் மணத்தின் வழி வந்த பிள்ளைகள், உயில் எழுதப்படாத நிலை, வங்கிக் கணக்கில் வட்டியின்றிக் கிடக்கும் மரபுரிமைப் பணம் என ஒரு நிகழ்வு அமையலாம். இங்கிலாந்துச் சட்டப்படி உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு எவ்வளவு செல்லும், முதல் மணத்துப் பிள்ளைகளின் நிலை என்ன என்பதை மாணவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். வினா இதைப் பற்றி வரலாம், வராமலும் போகலாம்.

இத்தாளில் தவறுவோர் பாடம் தெரியாமல் தவறுவதைக் காட்டிலும், கேட்டதற்கு விடை எழுதாமல் தவறுவதே மிகுதி எனலாம். 'பரிந்துரை செய்வதற்கு முன் ஆலோசகர் கேட்டறிய வேண்டிய கூடுதல் தகவல்கள் யாவை?' என்பது அடிக்கடி இடம்பெறும் வினா வகை. விற்பனைப் பழக்கம் உடையவர் உடனே ஒரு பரிந்துரையை எழுதிவிடுவார். அதற்கு மதிப்பெண் இல்லை. வாடிக்கையாளரின் இடர் மனப்பான்மை, இழப்பைத் தாங்கும் திறன், அவசரத் தேவைக்கான கையிருப்பு, இருக்கும் திட்டங்களின் கட்டணங்கள், வெளியேறும் அபராதம், உயிலின் நிலை என்று ஒவ்வொன்றாக எழுதுபவரே தேறுவார். பதில் சொல்லும் முன் கேள்வி கேட்கும் பழக்கத்தைச் சோதிப்பதால், முந்தைய தவறான விற்பனைகளுக்கு நேர்மாற்று மருந்து ஆறு தாள்களுள் இதுவே எனக் கூறலாம்.

வேலையுடன் படித்தல்

பெரும்பாலானோர் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுகளில் ஆறு தாள்களையும் முடிக்கின்றனர். வகுப்பறை என்று ஒன்று இல்லை. சி.ஐ.ஐ. வெளியிடும் பாடநூல், மாதிரி வினாத்தாள், தனியார் பயிற்சி நிறுவனங்களின் ஓரிரு நாள் வகுப்புகள், ஒலிப்பதிவுகள் ஆகியவையே துணை. தாள்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதும், ஒவ்வொன்றாக எழுதலாம் என்பதும் பணிபுரிவோருக்கு வசதியான கூறுகள். ஆர்.06 தாளை மட்டும் இறுதியில் எழுதுமாறு அறிவுறுத்தப்படுகிறது. ஏனெனில் அது மற்ற ஐந்தின் அறிவையும் கோருகிறது.

படிக்கத் தொடங்குவோருள் ஒரு பகுதியினர் ஆலோசனை நிறுவனங்களில் எழுத்தராகவோ 'பாராபிளானர்' எனப்படும் ஆய்வு உதவியாளராகவோ இருப்பவர்கள். பாராபிளானர் வாடிக்கையாளரைச் சந்திப்பதில்லை. ஆலோசகர் கூறவேண்டிய பரிந்துரைக்கான கணக்குகளையும் அறிக்கையையும் தயாரிப்பவர் அவரே. பாடநூலில் படித்ததை மறுநாள் அலுவலகக் கோப்பில் காணும் வாய்ப்பு அவருக்கு உண்டு. வேறு தொழிலிலிருந்து வருவோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் ஆண்டுத்தொகை, பொறுப்பாண்மை ஆகிய சொற்களை முதன்முறையாகப் பாடநூலிலேயே சந்திக்கின்றனர். தேர்வில் தேறிய பின்னும், பயிற்சி ஆலோசகராக ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டுமே அவர்களால் தொழிலில் நுழைய முடியும். பட்டயம் மட்டும் ஆலோசனை கூறும் உரிமையைத் தருவதில்லை என்பதைச் சேரும் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

முதலாளி தேர்வுக் கட்டணத்தை ஏற்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு ஏற்கும்போது, படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வேலையை விட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒப்பந்தமும் சில இடங்களில் உண்டு. மேற்பார்வையின் கீழ் ஆலோசனை கூறத் தொடங்கிவிட்ட பயிற்சியாளருக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு: குறிப்பிட்ட காலத்திற்குள் முழுத் தகுதியையும் அவர் பெற்றாக வேண்டும். தொடக்கத்தில் 30 மாதங்களாக இருந்த இவ்வெல்லை பின்னர் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. கெடுவுக்குள் தேறாதவர் ஆலோசனைப் பணியை நிறுத்த வேண்டும்.

2020 ஆம் ஆண்டு வரை தேர்வு எழுத ஒரு மையத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, வீட்டிலிருந்தே இணையவழிக் கண்காணிப்புடன் எழுதும் முறை அறிமுகமானது. பயண நேரம் மிஞ்சினாலும், கேமராவின் முன் மூன்று மணி நேரம் அமர ஓர் அமைதியான அறை வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இது எளிதன்று.

மாறும் சட்டமும் பழையதாகும் பாடநூலும்

பகுதிநேர மாணவர் எதிர்கொள்ளும் தனித்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. படிப்பு நீளும்போது பாடமே மாறிவிடுகிறது. பிரித்தானிய வரியாண்டு ஏப்ரல் 6 அன்று தொடங்குகிறது. தேர்வுகளோ பொதுவாகச் செப்டம்பர் 1 முதல் புதிய வரியாண்டின் விதிகளுக்கு மாறுகின்றன. ஆகத்து மாத இறுதியில் தேர்வை ஒத்திவைப்பவர், அடுத்த வாரமே வேறு எண்களைப் படிக்க நேரிடும்.

சில ஆண்டுகளில் எண்கள் மட்டுமன்றிக் கருத்துகளே மாறின. 2015 ஏப்ரலில் 'ஓய்வூதியச் சுதந்திரம்' நடைமுறைக்கு வந்தபோது, ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு ஆண்டுத்தொகை வாங்குவதே பெரும்பாலோரின் வழி என்றிருந்த நிலை மாறியது. ஓய்வூதியச் சேமிப்பின் வாழ்நாள் உச்சவரம்பு ஒரு காலத்தில் ஆர்.04 தாளின் மிகச் சிக்கலான பகுதியாக விளங்கியது. கடைசியில் 1,073,100 பவுண்டாக இருந்த அவ்வரம்பு 2024 ஏப்ரல் 6 அன்று நீக்கப்பட்டு, அதனிடத்தில் வேறு வரம்புகள் வந்தன. வரம்பின் பல்வகைப் பாதுகாப்புகளை மனப்பாடம் செய்தவர்களின் உழைப்பு வரலாற்றுக் குறிப்பாக மாறியது. வங்கி வைப்புகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 2025 திசம்பர் 1 அன்று 85,000 பவுண்டிலிருந்து 120,000 பவுண்டாக உயர்ந்தது. பழைய பாடநூலைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படிப்பது இத்துறையில் சிக்கனம் ஆகாது.

தகுதிக்குப் பின்

மறுஆய்வு விதிகளின்படி, பட்டயம் பெற்றவர் ஆண்டுதோறும் 35 மணி நேரத் தொடர் பயிற்சி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதில் 21 மணி நேரமேனும் முறைப்படுத்தப்பட்ட பயிற்சியாக இருத்தல் வேண்டும். 'தொழில்முறைத் தகுதி அறிக்கை' ஒன்றை அங்கீகாரம் பெற்ற அமைப்பிடமிருந்து ஆண்டுதோறும் பெறும் முறையும் அறிமுகமானது.

மேலும் படிக்க விரும்புவோருக்கு ஆறாம் நிலையில் உயர் பட்டயம் உள்ளது. 290 கிரெடிட் புள்ளிகளும் ஐந்து ஆண்டு அனுபவமும் உடையவர், நிபந்தனைகளை நிறைவு செய்து 'சார்ட்டர்டு நிதித் திட்டமிடுநர்' என்னும் பட்டப்பெயரைப் பயன்படுத்தலாம். இது சட்டப்படி கட்டாயம் அன்று. ஆனால் வேலைவழி ஓய்வூதியத்தை மாற்றுவது பற்றி ஆலோசனை கூறுவோருக்குத் தனிச் சிறப்புத் தகுதி கட்டாயம்.

விமர்சனங்கள்

தேர்வு நல்ல ஆலோசனைக்கு உறுதியளிக்குமா என்ற வினாவுக்குப் பிரித்தானிய உருக்கு ஓய்வூதியத் திட்டத்தின் நிகழ்வு கடுமையான விடையை அளித்தது. 2017 ஆம் ஆண்டில் அத்திட்டம் மறுசீரமைக்கப்பட்டபோது, உறுப்பினர்கள் குறுகிய காலத்தில் முடிவெடுக்க நேர்ந்தது. வேல்சின் போர்ட் டால்பட் போன்ற உருக்காலை நகரங்களில் ஏறத்தாழ 8,000 பேர் உறுதியான ஓய்வூதியத்தைக் கைவிட்டு வெளியேறினர். மாற்றப்பட்ட தொகை ஏறத்தாழ 280 கோடி பவுண்டு. 30,000 பவுண்டுக்கு மேற்பட்ட இத்தகைய மாற்றங்களுக்கு ஆலோசனை பெறுவது 2015 முதலே சட்டப்படி கட்டாயமாக இருந்தது. எனவே இவர்களுக்கு ஆலோசனை கூறியவை ஆணையத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்களே. அவ்வாலோசனைகளுள் கணிசமான பகுதி பொருத்தமற்றது எனப் பின்னர் கண்டறியப்பட்டது. எப்.சி.ஏ. இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை 2023 பிப்ரவரியில் தொடங்கியது.

1988 இல் நிகழ்ந்ததும் 2017 இல் நிகழ்ந்ததும் ஏறத்தாழ ஒரே தவறு. முதலாவதில் தேர்வு இல்லை; இரண்டாவதில் இருந்தது. வேறுபடாமல் இருந்தது ஆலோசகரின் வருமானம் கிடைக்கும் வழி. மாற்றம் நடந்தால் மட்டுமே கட்டணம் என்னும் ஏற்பாடு பல இடங்களில் நிலவியது. மாற்ற வேண்டாம் என்று கூறுபவருக்கு ஊதியம் இல்லை. இந்த ஏற்பாடு 2020 அக்டோபர் 1 முதல், சில விலக்குகளுடன், தடை செய்யப்பட்டது. எனினும், மிகச் சிக்கலான கணக்குகள் கொண்ட இந்தத் துறையில் தேர்வே வேண்டாம் என்பது இதிலிருந்து பெறப்படாது.

மற்றொரு விமர்சனம் 'ஆலோசனை இடைவெளி' பற்றியது. தரகு ஒழிந்து, தகுதி உயர்ந்ததால், ஆலோசகர்கள் செல்வம் மிகுந்தவர்களையே நாடத் தொடங்கினர். சிறு சேமிப்பாளருக்கு ஆலோசகரின் கட்டணம் கட்டுபடியாகவில்லை. அரசு 2015 ஆகத்தில் தொடங்கிய நிதி ஆலோசனைச் சந்தை மறுஆய்வு இதனை ஆராய்ந்து 2016 மார்ச்சில் அறிக்கை அளித்தது. 2023 இல், ஆலோசனைக்கும் பொதுவான வழிகாட்டலுக்கும் இடையேயான எல்லையை மறுவரையறை செய்யும் முயற்சி ஒன்றும் தொடங்கப்பட்டது.

பிற நாடுகளில்

ஆசுத்திரேலியாவில் 2019 சனவரி 1 முதல் புதிதாகச் சேரும் நிதி ஆலோசகருக்குப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, தேசியத் தேர்வு ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. முன்பிருந்த ஆலோசகர்களும் தேர்வு எழுதவேண்டும் என விதிக்கப்பட்டதால், 2012 இன் பிரித்தானிய விவாதங்கள் அங்கும் எழுந்தன. இந்தியாவில் செபியின் முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைகள் 2013 இல் வெளியாயின. இதன்படி பதிவு செய்வோர், என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பத்து-அ, பத்து-ஆ எனப்படும் இரு தேர்வுகளில் தேற வேண்டும். பரஸ்பர நிதிகளைத் தரகு பெற்று விற்கும் வினியோகிப்பாளர்களுக்கு இத்தேர்வுகள் தேவையில்லை. அவர்களுக்கு ஐந்து-அ என்னும் தனித் தேர்வு உண்டு. வங்கியிலோ முகவரிடமோ பேசும் ஒருவர், எதிரில் இருப்பவர் இவ்விரு வகையினருள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.